சினிமாக்காரங்க கருப்பு காமெடி சிறுகதை எழுதறது எப்படி: சத்யஜித் ராயோட சிவப்பு கணக்கு நோட்டு

சினிமால கொஞ்ச வருஷம் குப்பை கொட்டுன எல்லார் கிட்டயும் ஒரு ஃபைல் இருக்கும். சொல்லி சொல்லி வாய் வலிச்சு போன ஒன்லைன் (ரெண்டு வரில சொல்ற படக்கதை) எல்லாம் அதுல தூங்கும். அதுல நாலஞ்சு கொஞ்சம் விவகாரமான சரக்கா இருக்கும், சாவு வீட்ல நடக்கற கூத்து, இன்சூரன்ஸ் பணத்துக்கு புருஷன் எப்ப போவான்னு காத்திருக்கற அம்மா, அந்த மாதிரி. யார் கிட்ட சொன்னாலும் "நல்லாருக்கு தம்பி, ஆனா ஃபேமிலி ஆடியன்ஸ் உள்ள வர மாட்டாங்க"ன்னுட்டு டீ வாங்கி குடுத்து அனுப்பிருவாங்க. அப்புறம் ஒரு நாள் ராத்திரி, சரி படமா தான் வரல, சிறுகதையா எழுதி புக்கா போட்ருவோம்னு ஞானம் பொறக்கும். எனக்கும் பொறந்துச்சு. மூணு கதை எழுதி நண்பன் ஒருத்தன் கிட்ட குடுத்தேன், படிச்சுட்டு "எங்க கேமரா வைக்கணும்னு இருக்கு, எங்க மியூசிக் வரணும்னு கூட இருக்கு, கதைய எங்கடா வச்ச?"ன்னு கேட்டான். கோவம் வந்துச்சு, ஆனா அவன் சொன்னது சரி, நான் எழுதுனது சீன் பேப்பர்.

அதுக்கப்புறம் தான் வங்காள சினிமா டைரக்டர் சத்யஜித் ராய் எழுதுன சிறுகதைங்கள எடுத்து, வாசகனா இல்லாம மெக்கானிக் மாதிரி கழட்டி பாத்தேன். அப்படி கழட்டுனதுல கைக்கு வந்தத தான் இங்க போடறேன், ஃபார்முலான்னு எடுத்துக்காதீங்க, எனக்கு வேலை செஞ்ச வழி அவ்ளோதான். கதை முடிவெல்லாம் சொல்லித்தான் ஆகணும், வேற வழியில்ல, முடிவு தெரியக்கூடாதுங்கறவங்க கதைய படிச்சுட்டு வாங்க, எல்லாமே ஒரே உக்காரல்ல முடிஞ்சுரும்.

ராய்னா நமக்கு 1955ல வந்த பதேர் பாஞ்சாலி, அவார்டு, கறுப்பு வெள்ளை, ரயில், அதோட நிறுத்திக்குவோம். மனுஷன் கதையும் எழுதி தள்ளிருக்கார். அவங்க தாத்தா உபேந்திரகிஷோர் 1913ல சந்தேஷ்னு ஒரு சிறுவர் பத்திரிகை ஆரம்பிச்சார் (வங்காளத்துல சந்தேஷ்னா சேதியும் தான், அந்த பால் இனிப்பும் தான்). அது நடுவுல நின்னு போச்சு, 1961ல ராயும் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயும் சேர்ந்து அத திரும்ப கெளப்புனாங்க. பத்திரிகைய ஆரம்பிச்சா பக்கம் ரொப்பணும்ல, அப்படி பக்கம் ரொப்ப உக்காந்தவர் தான், கடைசி வரைக்கும் நிறுத்தல. 1970ல மொத தொகுப்பு, பேரு "ஏக் டஜன் கப்போ", அதாவது ஒரு டஜன் கதை. அடுத்தது இன்னொரு டஜன், அதுக்கடுத்தது மேலும் பன்னெண்டு, அப்புறம் இந்த வாட்டியும் பன்னெண்டு. பேர் வைக்க சோம்பேறித்தனமா குசும்பான்னு தெரியாத மாதிரி முட்டை விக்கற கணக்கா டஜன் டஜனா போட்டிருக்கார்.

அவங்க அப்பா சுகுமார் ராய் வங்காளத்துல கிறுக்குப்பாட்டுக்கு ராஜா. அவரோட ஆபோல் தாபோல் 1923ல புக்கா வெளிய வந்தப்போ அவர் உயிரோட இல்ல, செத்து சில நாள் தான் ஆயிருந்துச்சு. மகனுக்கு அப்போ ரெண்டு வயசு. அந்த புக்கோட கடைசி பாட்டு, தூக்கம் கவிஞ்சு வருது, என் பாட்டு முடிஞ்சுதுங்கற மாதிரி முடியும், அவ்ளோ நேரம் தலையும் வாலும் மாத்தி ஒட்டுன மிருகங்கள வச்சு சிரிக்க வச்சுட்டு அப்படி ஒரு வரி. சாவையும் சிரிப்பையும் ஒரே தட்டுல வைக்கற வேலை அந்த வீட்டுக்கு புதுசு இல்லன்றதுக்காக சொல்றேன்.

இப்போ வேலைக்கு வருவோம். மொதல்ல ஒரு நோட்டு வாங்குங்க. லேப்டாப் வேணாம், ஸ்கிரிப்ட் சாஃப்ட்வேர் சுத்தமா வேணாம், அத தெறந்தாலே கை தானா உள்புறம், பகல்னு டைப் அடிக்கும். ராய் படத்துக்கு ஸ்கிரிப்ட், ஸ்கெட்ச், உடுப்பு, செலவு எல்லாம் எழுதுனது கெரோர் காதான்னு சொல்ற சிவப்பு துணி போட்ட நோட்டுல. அது என்னன்னா கடைக்காரங்க கணக்கு எழுதற நோட்டு. நம்ம ஊர் மளிகை கடையிலயும் பழைய ஆளுங்க வச்சிருப்பாங்களே, மொத பக்கத்துல பிள்ளையார் சுழி போட்டு மஞ்ச தடவி, அந்த ஜாதி. அவர் அதுல படத்த எழுதினார், நான் அத பாத்துட்டு சிறுகதைக்கு தான் இந்த நோட்டு இன்னும் பொருத்தம்னு முடிவு பண்ணிட்டேன், ஏன்னா அவரோட கதைங்கள கழட்டி பாத்தா உள்ள இருக்கறது பூரா பாக்கி கணக்கு. யாரோ யாருக்கோ சின்னதா ஒண்ணு தரணும், தரல, அது வட்டியோட திரும்பி வருது. அந்த வட்டி தான் காமெடி, அது கட்ட முடியாத அளவுக்கு போறது தான் கருப்பு.

நோட்டுல ரெண்டு பத்தி இழுத்து, எடது பக்கம் யாரு யாருக்கு என்ன பாக்கின்னு எழுதுங்க, வலது பக்கம் காலியா விடுங்க. ஒரு வாரம் எடது பக்கம் மட்டும் எழுதுங்க. கொலை, துரோகம், கள்ளக்காதல்லாம் எழுதாதீங்க, அது பெரிய கணக்கு, அதுக்கு பேங்க் இருக்கு. "ஊர்ல இருந்து வந்த பெரியப்பா பையனுக்கு வேலை சொல்றேன்னு சொல்லி போன எடுக்கல." "பக்கத்து வீட்டு அக்கா குடுத்த டிபன் பாக்ஸ் ஒன்றரை வருஷமா நம்ம அலமாரில இருக்கு." "செத்து போனவர் நம்பர் இன்னும் அழிக்கல, அவருக்கு ரெண்டாயிரம் தரணும்." இவ்ளோ சின்னதா தான் இருக்கணும். படிக்கறவன் "சே நானும் பண்ணிருக்கேனே"ன்னு நெளியணும்.

தப்பு எவ்ளோ சின்னதா இருக்கலாம்ங்கறதுக்கு ராயோட பிபின் சௌத்ரி கதைய பாருங்க. கொல்கத்தால நல்ல உத்தியோகத்துல இருக்கற தனிக்கட்டை, திங்கக்கிழமை ஆனா நியூ மார்க்கெட் போயி புக்கு வாங்கறவர். அங்க முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் வந்து "1958ல ராஞ்சில சந்திச்சோமே, ஹூட்ரூ அருவில விழுந்து முட்டிய பேத்துக்கிட்டீங்களே"ன்றார். இவர் ராஞ்சிக்கு போனதே இல்ல. ஆனா வந்தவர் இவர் குடும்ப விஷயம் வரைக்கும் புட்டு புட்டு வைக்கறார். இன்னொரு நண்பர் கிட்ட கேட்டா அவரும் ஆமா போனியேன்றார். பிபின் பாபு தன் மூளை மேலயே சந்தேகப்பட ஆரம்பிச்சு, தூக்கம் போயி, டாக்டர் வந்து, கடைசில ஞாபகம் திரும்புமான்னு பாக்க நெஜமாவே ராஞ்சிக்கு ரயிலேறி, அதே அருவில நெஜமாவே விழுந்து அடிபட்டு திரும்பி வரார். வந்தா ஒரு லெட்டர். கஷ்டத்துல இருந்த பழைய ஸ்கூல் நண்பன், வேலைக்கு உதவி கேட்டு வந்தப்போ இவர் கண்டுக்காம அனுப்பிட்டார், அவன் ஆள் செட் பண்ணி ஆடுன ஆட்டம் இது.

இதுல பிபின் பாபு பண்ண தப்பு என்ன? "பாக்கலாம்"னு சொன்னது. அவ்ளோதான், நாம ஒரு நாளைக்கு நாலு வாட்டி சொல்றது. நண்பன ஞாபகம் வச்சுக்காதவனுக்கு ஞாபகத்தையே புடுங்கிட்டாங்க பாருங்க, அந்த அளவு தான் விஷயம். பிபின் பாபுவுக்கு ஆக்சிடெண்ட் ஆச்சு, வீடு எரிஞ்சுதுன்னு எழுதியிருந்தா அது வெறும் சாபம். எந்த எடத்துல தப்போ அதே எடத்துல அடி விழணும், அப்போ தான் படிக்கறவனுக்கு சிரிப்பும் வரும், சிரிச்சதுக்கு கொஞ்சம் பயமும் வரும். அதனால நோட்டுல வலது பக்கத்த நெரப்பும் போது, இதுக்கு என்ன தண்டனை குடுக்கலாம்னு யோசிக்காதீங்க, இந்த பாக்கிய எந்த ரூபத்துல திருப்பி வசூல் பண்ணலாம்னு யோசிங்க.

சில கணக்கு தலைகீழாவும் வரும். டெரோடாக்டைல் (டைனோசர் காலத்து பறக்கற ஜந்து) முட்டை கதைல பதன் பாபுன்னு ஒரு குமாஸ்தா, சாயங்காலம் பெஞ்சுல உக்காந்திருக்கறவர் கிட்ட ஒருத்தன் வந்து காலத்துல பின்னாடி போற மெஷின், அது இதுன்னு அளந்து விட்டு பர்ஸ அடிச்சுட்டு போயிடுறான். வீட்டுக்கு வந்தா நடக்க முடியாத பையன் கதை கேட்டு காத்திருக்கான், இவர் கிட்ட இப்போ பர்ஸ் இல்ல, ஆனா அருமையா ஒரு கதை இருக்கு. திருட்டு நடந்த கதைன்னு சொல்லவா, யாவாரம் நடந்த கதைன்னு சொல்லவா? எல்லா கதையிலயும் ஆள நசுக்கணும்னு அவசியம் இல்லன்றதுக்கு இத சொன்னேன்.

அடுத்து முக்கியமானது மூஞ்சி. எழுதறவன் மூஞ்சி. கருப்பு காமெடில எழுதறவன் சிரிக்கவே கூடாது. நம்மாளுங்க கிட்ட இருக்கற பெரிய வியாதி இது, டயலாக் எழுதி பழகி வரிக்கு ஒரு பஞ்ச் வச்சே ஆகணும். "எமனே வந்து ஆதார் கார்டு கேட்டா மாதிரி முழிச்சான்"னு எழுதுவோம். எழுதும் போது நல்லா தான் இருக்கும், ஆனா அந்த வரில நாம சிரிச்சுட்டோம், படிக்கறவனுக்கு மிச்சம் வைக்கல. ராய் கதைல வாக்கியம் எல்லாம் ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்கும்: இவருக்கு இத்தன வயசு, இந்த ஆபீஸ், இந்த ரயில்ல ஏறுனார், இத சாப்பிட்டார். சிறுவர் பத்திரிகைக்கு எழுதுனதால வேற வழியும் இல்ல, ரத்தம், படுக்கை, கெட்ட வார்த்தை எதுவும் கெடயாது, ஆனா அந்த சுத்தமான டேபிள் துணி மேல தான் கறை நல்லா தெரியுது.

ரத்தன் பாபு கதை அதுக்கு நல்ல உதாரணம். யாரோடயும் ஒட்டாத மனுஷன், லீவுக்கு யாருமே போகாத சின்ன சின்ன ஊரா பாத்து போவார். சினின்னு ஒரு ரயில்வே ஊர்ல அச்சு அசலா தன்ன மாதிரியே ஒருத்தர பாக்கறார், மணிலால் பாபு. மூஞ்சி, வயசு, பழக்கம், ரசனை எல்லாம் ஒண்ணு. காலம் பூரா தன்ன மாதிரி ஒருத்தன் கெடைக்கலையேன்னு ஏங்கினவருக்கு, கெடைச்சதும் ஒரே நாள்ல சலிச்சு போகுது. பேசறதுக்கு ஒண்ணுமே இல்ல, ஏன்னா அவர் சொல்லப்போறது எல்லாம் இவருக்கு தெரியும். அடுத்து ரயில்வே பாலத்துல நின்னு ரயில் வர நேரத்துல மணிலால் பாபுவ புடிச்சு தள்ளிடறார். அடுத்த நாள் அதே பாலம், அதே நேரத்து ரயில், பின்னாடி யாரோ. சரி, ரெண்டு பேரும் ஒண்ணுன்னா சாவு மட்டும் எப்படி வேற வேறயா இருக்கும்? எந்த எடத்துலயும் ராய் கண்ணடிக்கவே இல்ல.

இன்னொன்னு இதுல கவனிங்க, படத்துல இத எடுத்தா டபுள் ஆக்‌ஷன். தேட்டர்ல ஒக்காந்தவன் மூளை பாதி ஒட்டு எங்க தெரியுதுன்னு தேடும். பேப்பர்ல "அவர மாதிரியே இருந்தார்"னு ஒரு வரி போதும், மேக்கப் இல்ல, கிராபிக்ஸ் இல்ல, செலவு இல்ல. அதனால உங்க ஃபைல்ல இருக்கற ஒன்லைன எடுத்து, இத கேமரா வச்சு எடுத்தா என்ன கெட்டு போகும்னு கேளுங்க. கெட்டு போகற கதை தான் சிறுகதைக்கு வேணும். நல்லா எடுக்க முடியற கதைய திரும்ப ஃபைல்லயே வைங்க, நல்ல காலம் வந்தா படமா எடுக்கலாம். பாரின் பௌமிக் கதையும் அப்படித்தான், ரயில் கூப்பேல ரெண்டு பேர் சும்மா ஒக்காந்திருக்காங்க. ஒருத்தர் பாட்டுக்காரர், எதிர்ல இருக்கறவர் கிட்ட பல வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு ரயில்ல கடிகாரத்த திருடுனவர், கை அரிக்கற வியாதி அவருக்கு. வெளிய ஒண்ணும் நடக்கல, அவர் மண்டைக்குள்ள மட்டும் கோர்ட்டு நடக்குது. திருடுனத திருப்பி வைக்கறது திருடறத விட கஷ்டமா இருக்குது. ஒரு வழியா வச்சுட்டு நிம்மதியா எறங்கி தன் பெட்டிய தெறந்தா சாமான் காணோம், எதிர்ல இருந்தவருக்கும் அதே வியாதி. பாக்கி கட்டுன அன்னிக்கே புதுக்கணக்கு ஆரம்பிச்சாச்சு.

அப்போ சினிமால கத்துக்கிட்டது எதுவுமே உதவாதான்னா உதவும், ரெண்டு விஷயம். ஒண்ணு வெட்டு. எந்த எடத்துல உள்ள போறது, எந்த எடத்துல வெளிய வரது. ராய் பிபின் பாபு கதைல நண்பன் வேலை கேட்டு வந்தத பெருசா மொதல்ல காட்டல, புக்கு கடைல ஆரம்பிக்கறார், பாக்கி நடுவுல எங்கயோ போற போக்குல வருது, நாமளும் பிபின் பாபு மாதிரியே கவனிக்காம தாண்டிடறோம். அது எடிட்டிங் தெரிஞ்சவன் வேலை. இன்னொன்னு, பொருள். ஆர்ட் டிபார்ட்மெண்ட் கிட்ட என்ன சொல்வோமோ அந்த அளவுக்கு பொருள் தெளிவா இருக்கணும். ராயோட இன்னொரு கதைல அஸமஞ்ச பாபு வாங்குன சிரிக்கற நாயோட வெல ஏழரை ரூபா. (நமக்கு ஏழரைன்னு கேட்டாலே ஒரு மாதிரி இருக்கும், வங்காளத்துல அந்த பிரச்சனை இருக்கான்னு தெரியல.) பின்னாடி ஒரு அமெரிக்கன் வந்து அதே நாய்க்கு இருபதாயிரம் டாலர் தரேன்னு செக் புக்க எடுக்கும் போது அந்த ஏழரை ரூபா மொத பக்கத்துல இருக்கறதால தான் நமக்கு கிர்ருன்னு ஏறுது. நாய் அப்போ சிரிக்குது, ஏன் சிரிக்குதுன்னு அஸமஞ்ச பாபு சொல்றார்: காசு இருந்தா எதையும் வாங்கலாம்னு அய்யா நெனைக்கறார்ல, அதுக்கு.

சரி, இவ்ளோ பேசிட்டு ஒரு கதைய எப்படி கட்றதுன்னு காட்டலன்னா நியாயம் இல்ல. என் நோட்டுல இருந்து ஒண்ண எடுக்கறேன்.

நம்ம ஊர் ஷூட்டிங்ல ஒரு வழக்கம் உண்டு, பொணமா படுத்தவங்கள, மாலை போட்ட போட்டோவுக்கு நின்னவங்கள, ஷாட் முடிஞ்சதும் கேமராவ பாத்து சிரிக்க சொல்லி ஒரு துண்டு எடுப்பாங்க. தோஷம் கழியட்டும்னு. படத்துல வராது, சும்மா எடுத்து வைக்கறது. நான் வேலை பாத்த ஒரு கம்பெனில ஒரு நாள் அது நடக்கல. சாயங்காலம் ஆறு மணி, கால்ஷீட் தாண்டுனா யூனிட் மொத்தத்துக்கும் எக்ஸ்ட்ரா குடுக்கணும், மேனேஜர் வாட்ச காட்டிட்டே நிக்கறார், நான் தான் "பேக்கப்"னு, அதாவது இன்னிக்கு வேலை முடிஞ்சுது மூட்டை கட்டுங்கன்னு, கத்துனேன். பாடைல படுத்திருந்த அண்ணன் எழுந்து மூக்குல இருந்த பஞ்ச எடுத்துட்டு "தம்பி, சிரிப்பு?"ன்னார். நாளைக்கு எடுத்துக்கலாம்ணேன்னேன். நாளைக்கு வேற லொகேஷன்.

நோட்டுல எடது பக்கம்: "பொண அண்ணனுக்கு ஒரு சிரிப்பு பாக்கி."

மொத வாட்டி எழுதுனப்போ என்ன பண்ணேன்னா, அண்ணன் அன்னிக்கு ராத்திரியே செத்துட்டார்னு எழுதி, நெஜ சாவுல அவர் மூஞ்சில சிரிப்பு இருந்துச்சுன்னு முடிச்சேன். எழுதி முடிச்சப்போ புல்லரிச்சுது. காலைல படிச்சா வாந்தி. யாரு வேணா எழுதற முடிவு, போதாததுக்கு கணக்கும் தப்பு. பாக்கி வச்சவன் நானு, செத்தவர் அவரா? கடன் குடுத்தவன் கிட்டயே வசூல் பண்ண மாதிரி ஆயிருச்சு.

ரெண்டாவது வாட்டி அண்ணன சாகடிக்கல. அவர் தெனம் ஆபீசுக்கு வரார். பணம் கேட்டு வரவங்க எப்படி வருவாங்க, அதே மாதிரி. வாசல்ல செருப்ப விட்டுட்டு பெஞ்சு ஓரத்துல ஒக்காந்து "அந்த சிரிப்பு விஷயமா..."ன்றார். ஆபீஸ் பையன் உள்ள வந்து "அண்ணே, சிரிப்பு அண்ணன் வந்திருக்கார்"ன்றான். மேனேஜர் பாத்ரூம்ல போயி ஒளியறார். பேட்டா பாக்கின்னா கூட வவுச்சர் போட்டு அனுப்பிரலாம், இதுக்கு எந்த ஹெட்ல எழுதறது? அண்ணன் ஒண்ணும் சண்டை போடல, வீட்ல கொழம்பு தீஞ்சத சொல்றார், பேரனுக்கு அம்மை போட்டத சொல்றார், சைக்கிள் பஞ்சர் ஆனத சொல்றார், சொல்லிட்டு "நான் நம்பறவன் இல்ல, வீட்ல தான்..."ன்னு இழுக்கறார். இந்த பகுதிய எழுதும் போது தான் எனக்கு கதை கைக்கு வந்துச்சு. இங்க ஒரு ஜோக் கூட நான் எழுதல பாருங்க, சாவு பயத்த ஒரு சில்லறை பாக்கி மாதிரி எல்லாரும் நடத்தறாங்க, அவ்ளோதான்.

முடிவு தான் சிக்கல். போன்ல எடுத்து விட்றலாம்னு மேனேஜர் சொல்றார், அண்ணன் சிரிக்கறார், எடுத்தாச்சு. அண்ணன் போகல. "ஷாட் எடுத்தா பேட்டா உண்டுல்ல?"ன்றார். இதோட முடிக்கலாம்னு ரொம்ப ஆசையா இருந்துச்சு, நல்ல கைத்தட்டு கெடைக்கற எடம். ஆனா இதுல என் கணக்கு தீரல, "பேக்கப்"னு கத்துனவன் தப்பிச்சுட்டான். ரத்தன் பாபுவ மறுபடி எடுத்து படிச்சேன், அதே பாலம், அதே நேரம். அப்புறம் எழுதுனது இது: அடுத்த படம், வேற சாவு வீடு, பொணமா படுக்க வேண்டிய ஆள் வரல, டைரக்டர் சுத்தி முத்தி பாத்துட்டு "நீ படுறா"ன்றார். கதை சொல்றவன் படுக்கறான். மூக்குல பஞ்சு, கழுத்துல ரோஜா மாலை, ஒரு ஈ. ஷாட் ஓகே. கண்ண தெறக்கறதுக்குள்ள லைட் ஒவ்வொண்ணா அணையுது, ஜெனரேட்டர் சத்தம் நிக்குது, தூரத்துல புதுசா சேந்த பையன் ஒருத்தன் கணீர்னு "பேக்கப்"ன்றான். மணி ஆறு.

அத்தோட நிறுத்திட்டேன். "தம்பி, சிரிப்பு?"ன்னு படுத்திருந்தவன் கேட்டானான்னு எழுதல. ஒரு வரி கூட எழுதியிருந்தா கெட்டிருக்கும், எழுதி பாத்து தான் அடிச்சேன்.

சினிமா பத்தி கதை எழுதறதுன்னா ஒரு எச்சரிக்கை. நம்ம தொழில் பெருமைய பேச ஆரம்பிச்சா போச்சு. ராய் தன் தொழில வச்சு எழுதுன பட்டோல் பாபு கதைல ஹீரோ டைரக்டர் இல்ல, ரோட்ல நடந்து வந்து ஹீரோ மேல மோதற ஒரு வழுக்க தலை மனுஷன். அம்பது தாண்டி மொத தடவை சினிமால சான்ஸ், வசனம் ஒரே எழுத்து, "ஆ". அவமானமா நெனைக்கறார், அப்புறம் அந்த ஒரு எழுத்த எத்தன விதமா சொல்லலாம்னு தெரு ஓரத்துல நின்னு சொல்லி பாக்கறார், கிள்ளுனா வர்ற ஆ வேற, வெயில்ல ஜில்லுன்னு சர்பத் குடிச்சா வர்ற ஆ வேற. ஷாட் பிரமாதமா வருது. பணம் குடுக்கறவன் வரதுக்குள்ள ஆள் கெளம்பிடறார். இந்த ஒரு கதைல மட்டும் கணக்கு வேற மாதிரி, பாக்கி வச்சது கம்பெனி தான், அவர் வாங்காமயே போனதால அது தீரவே தீராது. உலகம் பூரா அவார்டு வாங்குன ஆளு கூட தன் தொழில்ல இருந்து எடுத்தது இந்த "ஆ" தான்.

இப்படி ஒவ்வொண்ணா சேத்து பன்னெண்டு ஆனதும் அடுக்கற வேலை. நல்ல கதை மொதல்ல, ரெண்டாவது நல்ல கதை கடைசில, மொக்கை எல்லாம் நடுவுலன்னு பதிப்பக ஆளுங்க சொல்வாங்க, கேக்காதீங்க, மொக்கைய தூக்கி போடுங்க, பன்னெண்டு பத்தானா ஒண்ணும் குடி முழுகாது. அடுக்கும் போது பாக்க வேண்டியது ஒண்ணு தான், தொடர்ந்து மூணு கதைல ஆள் சாகறானான்னு. அப்படி சாக விட்டா நாலாவது கதைல படிக்கறவன் மொத பாராலயே யார் சாவான்னு பந்தயம் கட்டுவான். நடுவுல ஒரு பர்ஸ் தொலையற கதை, ஒரு "ஆ" கதை மாதிரி, உயிர் போகாத கதைய சொருகுங்க, அடுத்த சாவு அப்போ தான் திடுக்னு இருக்கும். படம் வரைய தெரிஞ்சா கதைக்கு ஒரு கோட்டோவியம் நீங்களே போடுங்க, ராய் விளம்பர கம்பெனில 1943ல வேலைக்கு சேந்து படம் வரைஞ்ச ஆளு, தன் கதைக்கு தானே வரைஞ்சுக்குவார். தெரியாதுன்னா விட்ருங்க, ஏஐ படம் போட்டு அட்டைய நாசம் பண்ணாதீங்க.

அச்சுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி யாருக்காவது சத்தமா படிச்சு காட்டுங்க, சினிமாக்காரங்களுக்கு வேணாம், அவங்க பாதில "இதுல விஜய் சேதுபதி..."ன்னு ஆரம்பிப்பாங்க. வீட்ல இருக்கறவங்களுக்கு படிங்க. அவங்க விழுந்து விழுந்து சிரிக்கற எடத்த குறிச்சு வச்சுக்கோங்க, அங்க நீங்க கண்ணடிச்சிருப்பீங்க, பாத்து கொறைங்க. சிரிக்க ஆரம்பிச்சு பாதில நிறுத்துனா அந்த வரிய தொடவே தொடாதீங்க. நான் பொண அண்ணன் கதைய எங்கம்மாவுக்கு படிச்சேன். சிரிப்பு அண்ணன் வந்திருக்கார்ன்ற எடத்துல சிரிச்சாங்க, அப்புறம் சத்தமே இல்ல, கடைசி வரி முடிஞ்சதும் "ஏன்டா, அன்னிக்கு அவருக்கு நெஜமாவே எடுக்கலையா?"ன்னாங்க.

இல்லம்மான்னேன். போன் நம்பர் இருக்கான்னு கேட்டாங்க. இருக்கு, இன்னும் கூப்பிடல.